மகள் அனுப்பிய சோலார்

கேரளத்துப் பொன்முடி மலைக்கு ஏறும் வழியில், மழைக்காக இந்தக் காட்டோர இயற்கை மையத்தில் ஒதுங்கியிருக்கிறேன். வரும் வழியில் விதுராக் கடைத்தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. இங்கே மட்டும் மின்விசிறி சுற்றுகிறது.

"எல்லாம் சோலார்தான் சாரே," என்று பால் விடாத கட்டன் சாயாவை வைக்கிறார் கேன்டீன் நடத்தும் மேரி. செங்கோட்டைப் பக்கமிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பம். மையத்தார் சோலாருக்கு நன்கொடை கேட்டபோது முதலில் பணம் அனுப்பியவள், குவைத்தில் நர்ஸாக இருக்கும் அவருடைய மகள்.

"மகளுக்குக் காடுன்னா அவ்வளவு இஷ்டமா?"

"காடா? இங்க போன்ல ரேஞ்ச் கிடையாது சாரே. இந்த வைஃபை மட்டுந்தான். மழை வந்தா கரண்ட் போகும், அவ போன்ல விளிச்சா எனக்குக் கிட்டாது. கிறிஸ்துமஸுக்கு வர்றதுக்கு வச்சிருந்த டிக்கெட் காசத்தான் குடுத்தா."

போன் அடிக்கிறது. வீடியோ கால். மேரி முற்றத்துக்கு ஓடி, நனைந்தபடியே கூரைமேல் இருக்கும் பேனல்களைக் காட்டுகிறார்.

"பாரு மோளே, எல்லாம் ஓடுது."

"பேனல் பாத்தது போதும்மா," மழைச் சத்தத்தை மீறி மகளின் குரல் கேட்கிறது. "உன் முகத்தக் காட்டு."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்ட பிறகுதான் மேரி போனைத் திருப்புகிறார்.