பெலாச்சான் கலந்த சனிக்கிழமை

பாலிங்கிலிருந்து மருத்துவமனைக்கு வந்தவரானாலும், பண்டார் பாருவிலிருந்து நிலப் பத்திரம் பதிய வந்தவரானாலும், சுங்கைப்பட்டாணியில் பகல் பசிக்கு எங்கே போகலாம் என்று கேட்டால், கேட்கப்பட்டவரின் கை பேருந்து நிலையத்துக்குப் பின்னாலுள்ள உணவு வளாகத்தின் பக்கமே நீளும். "உள்ள போனதும் எடது பக்கம். வள்ளியக்கா கடைன்னு கேளுங்க லா" என்பதோடு வழி முடிந்துவிடும்.

நகரில் குளிரூட்டிய உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாழையிலையில் சுடுசோறும், கேட்கக் கேட்கக் குழம்பும், "கைய ஏன் அதுக்குள்ள மடக்குறீங்க? இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்ற அதட்டலும் ஒருசேரக் கிடைக்கும் இடம் சண்முகவள்ளியின் கடைதான். செமிலிங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, மின்னணுத் தொழிற்சாலையில் இளமையைக் கழித்தவர் அவர். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் பெயர்ந்தபோது, உடன் வேலை செய்தவர்கள் வேறு தொழிற்சாலைகளைத் தேடிப் போனார்கள். கணவர் சமைத்துக் கட்டிய தன் சோற்றுப் பொட்டலத்துக்கு அவர்கள் ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டதை நினைவில் வைத்திருந்த சண்முகவள்ளி, கடை போட்டார். அடுப்படி கணவர் காளிதாசனுக்கு. பரிமாறுவதும் வாடிக்கையாளரிடம் வாய்கொடுப்பதும் தனக்கு என்று அன்று பிரித்த வேலை இன்றுவரை மாறவில்லை.

புரட்டாசி மாதத்தில் அந்தக் கடைக்குத் தனி ஒழுங்கு உண்டு. கிழமை நாள்களில் மீனும் கோழியும் ஒரு பக்கம், சைவம் மறுபக்கம். சனிக்கிழமைகளில் முழுக்கச் சைவம். முதல் இலை பெருமாள் படத்துக்கு முன்னால் படைக்கப்படும். படையல் முடியும்வரை கணவனும் மனைவியும் உப்புக்கூடச் சுவை பார்ப்பதில்லை. சம்பலுக்கு அரைக்கும் மிளகாய் விழுதிலும் இரண்டு வகை இருந்தன. சிவப்பு மூடி போட்ட டப்பாவில் பெலாச்சான் சேர்த்தது. கூனியிறாலை உப்பிட்டுப் புளிக்க வைத்த அந்தக் கட்டி இல்லாமல் இந்த நாட்டில் சம்பல் ஏது? பச்சை மூடி போட்ட டப்பாவில், சனிக்கிழமைக்கென்று பெலாச்சான் இல்லாமல் அரைத்தது.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை சதாசிவம் வந்தார். பெருமாள் கோயில் நிர்வாகக் குழுவின் செயலாளர். கடைசிச் சனிக்கிழமை அன்னதானத்துக்குச் சமைக்க யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்யும் முன் சாப்பிட்டுப் பார்க்க வந்திருந்தார். அந்தச் சமையலைச் சண்முகவள்ளி நெடுநாளாக விரும்பினார். ஊரே பந்தியில் அமர, தன் அடுப்பின் சோறு இலைகளில் விழ வேண்டும் என்ற ஆசை, கடை போட்ட நாளிலிருந்து அவருக்குள் இருந்தது.

பந்தி நன்றாகவே போயிற்று. லாரி ஓட்டுநர் ரவிச்சந்திரன் கத்திரிக்காய்ச் சம்பலை மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"அக்கா, இன்னைக்கு அண்ணன் கைய எங்கயாச்சும் வாடகைக்கு எடுத்துட்டு வந்தாரா? தூக்குது லா!"

"போதும்டா, லாரில எடம் இருக்காது" என்று சிரித்தபடியே கரண்டியை எடுத்த சண்முகவள்ளியின் கை நின்றது. சனிக்கிழமைச் சம்பலில் ஏதோ குறைகிறது என்று எல்லா ஆண்டும் எல்லாரும் முணுமுணுப்பார்கள். இன்று ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எல்லாரும் இரண்டாம் முறை கேட்டிருந்தார்கள். பக்கத்து மலாய்க்காரக் கடையில் காலையிலிருந்து சம்பல் வதங்கிக்கொண்டிருந்ததால், காற்றில் வந்த பெலாச்சான் மணத்தை அவர் பொருட்படுத்தவில்லை. இப்போது சம்பலில் ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். மணம் பக்கத்துக் கடையிலிருந்து வரவில்லை.

உள்ளே ஓடினார். அடுப்பின் அருகே பச்சை மூடி போட்ட டப்பா திறந்து கிடந்தது. அதன் அடியில் ஒட்டியிருந்த விழுதும் அதே மணம் வீசிற்று.

"நேத்து விழுத அரைச்சு ரெண்டு டப்பாவையும் யாரு மூடுனா?"

"நாந்தான். ஏன்?" என்ற காளிதாசனின் முகம், கேள்வி முடிவதற்குள் வெளுத்தது. "மூடிய மாத்திப் போட்டுட்டேனா? ஐயோ, பெருமாளுக்கே வச்சுட்டமே, வள்ளி!"

"பெருமாள் கிட்ட அப்புறம் பேசிக்கலாம். வெளிய ஒக்காந்து சாப்பிடுறவங்க கிட்ட யாரு பேசுறது?"

காளிதாசன் குரலைத் தாழ்த்தினார். "சம்பல் தட்ட உள்ள எடுத்துரு. தீந்து போச்சுன்னு சொல்லிரு. தெரியாம சாப்பிட்டதுல ஒண்ணும் இல்ல. சதாசிவண்ணன் ஒக்காந்திருக்காரு. இன்னைக்குப் போயி இதச் சொல்லணுமா?"

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் சண்முகவள்ளிக்கும் தோன்றிற்று. தட்டை உள்ளே எடுத்துவிட்டால் போதும்; அன்னதானம் கைக்கு வந்துவிடும். ஆனால் சதாசிவத்தின் இலையில் பாதிச் சம்பல் மிச்சம் இருந்தது. அடுத்த கவளத்தை அவர் அதில்தான் தொடப்போகிறார். தெரியாமல் அவர் தின்றது ஒரு கணக்கு. தனக்குத் தெரிந்த பிறகு அவர் தின்னப்போவது வேறு கணக்கு. சண்முகவள்ளி முன்னால் வந்து, மேசைகளுக்கு நடுவில் நின்றார்.

"கத்திரிக்கா சம்பல யாரும் தொடாதீங்க. பெலாச்சான் கலந்துருச்சு. எங்க தப்புதான். இன்னைக்கு யாரும் காசு குடுக்க வேணாம்."

மேசைகள்தோறும் கூச்சல் எழுந்தது. "வெரதத்துல இதா போடுவாங்க?" என்று ஓர் அம்மாள் இலையைத் தள்ளிவிட்டுக் குழாயடிக்கு ஓடினார். இருவர் எழுந்து போனார்கள். ரவிச்சந்திரன் மட்டும் விரலைப் பார்த்தபடி, "மூணு வாட்டி வாங்கித் தின்னுட்டேனே! அதான் பாத்தேன், அண்ணன் கையி இவ்வளவு நல்லா இருக்காதேன்னு" என்றார். சிரிக்க அங்கே யாருக்கும் தெம்பில்லை.

சதாசிவம் கையை உதறினார். குழாயடியில் நெடுநேரம் வாய் கொப்பளித்தார். சண்முகவள்ளி துண்டை நீட்டியபடி அருகில் நின்றார். அவர் துண்டை வாங்கவில்லை. வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றே சிவப்பு மூடி டப்பா குப்பைக்குப் போயிற்று. புரட்டாசி முடியும்வரை, கிழமை நாளானாலும், பெலாச்சான் அந்தக் கடைக்குள் வராது என்று சண்முகவள்ளி அறிவித்தார். மீன் சம்பல் சப்பென்று இருப்பதாக முகம் சுளித்தவர்களை, "அப்ப பக்கத்துக் கடைக்குப் போங்க, அங்க நல்லாருக்கும்" என்று தாமே அனுப்பிவைத்தார். கோயிலிலிருந்து சேதி வரவில்லை. அன்னதானச் சமையல் வேறொருவருக்குப் போனதை, காய்கறி வாங்கும்போது பசாரில் கேள்விப்பட்டார். வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்து முடிக்கும்வரை அவர் நிமிரவில்லை.

கடைசிச் சனிக்கிழமை கடையில் கூட்டம் குறைவாக இருந்தது. விரதக்காரர்கள் பலரும் கோயில் பந்திக்குப் போயிருந்தார்கள். மத்தியானம் சாய்ந்த நேரத்தில், வேட்டியில் சாம்பார்க் கறையோடும் வியர்வையோடும் சதாசிவம் வந்து உட்கார்ந்தார்.

சண்முகவள்ளி திகைத்து நின்றார். "அண்ணே, கோயில்ல அன்னதானமாச்சே?"

"பரிமாறி முடிச்சாச்சு. எனக்குப் பசிக்குது. சோறு போடு."

"அங்கயே சாப்பிட்டிருக்கலாமே."

"சாப்பிட்டிருக்கலாம்." அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "வள்ளிம்மா, அன்னைக்கு நடந்தத கமிட்டில நான் மறைக்க முடியாது. சொன்னேன். வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. ஒனக்கு வருத்தமா இருக்கும்."

"இருக்கு" என்றார் சண்முகவள்ளி. "இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொன்னது சரிதாண்ணே." பிறகு தயக்கத்தோடு கேட்டார்: "எங்க கடையில நம்பி ஒக்காந்துட்டீங்களே?"

"கலந்தா நீயே நடுவுல நின்னு கத்திருவியே. வெளிய சாப்பிடுற எத்தனையோ எடத்துல என்னா கலக்குதோ, யாரு லா எங்கிட்ட சொன்னா?"

உள்ளிருந்து காளிதாசன் எட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைக் காட்டத் துணியாமல் மறைந்துகொண்டார். சண்முகவள்ளி இலையை விரித்து, தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கும் சோற்றை நடுவில் வைத்தார். சதாசிவம் போதுமென்று கையைக் குறுக்கே நீட்டினார்.

"கைய எடுங்க" என்று அதட்டினார் சண்முகவள்ளி.