மோர்னிங்சைட் ஏற்றத்தில் எட்டுக் கிலோ அரிசி

இன்று காலை மோர்னிங்சைட் ஏற்றத்தில் ஓர் அன்ரி, முதுகில் பெரிய பையுடன் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார். எங்கள் தமிழ் ஆள்தான். காரை நிறுத்தினேன்.

“ஏறுங்கோ அன்ரி, கொண்டுபோய் விடுறன்.”

“வேண்டாம் பிள்ளை. இண்டைக்கு நீர் நாலாவது ஆள்.”

பைக்குள் எட்டுக் கிலோ அரிசியாம். செப்டம்பரில் ஸ்பெயினுக்குப் போகிறார். அதற்குத்தான் இந்தப் பயிற்சி. ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே ஆறு நாள் நடை. அங்கே பழைய ஊர்களெல்லாம் மலை உச்சியில். நாள் முழுக்க ஆற்றோரம் நடந்துவிட்டு, படுக்க மேலே ஏற வேண்டுமாம்.

“போன வருஷம் மூண்டாம் நாள் ஏலாமல் பஸ் எடுத்திட்டன். கடைசி ஊரின்ரை கல்லுப் பாலத்தை ஜன்னலுக்குள்ளாலைதான் பாத்தனான். இந்தமுறை அதை நடந்துதான் கடப்பன்.”

வயது எழுபது.

“அதுசரி, நீர் எங்கை போறீர்?”

“ஜிம்முக்கு அன்ரி.”

“அங்கை என்ன செய்யிறனீர்?”

“மெசினிலை நடக்கிறனான்.”

அவர் சிரிக்கக்கூட இல்லை.

காரை எடுத்துப்போய், அடுத்த சிக்னலில் நின்று கண்ணாடியில் பார்த்தேன். அன்ரிக்குப் பக்கத்தில் ஐந்தாவது கார் நின்றுகொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லுங்கள், அது உங்களில் யார்?