இஸ்தான்புல் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர்

எங்கள் பக்கத்தில் வெளியூரில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தியை நேராகச் சொல்ல மாட்டார்கள். "சீரியஸா இருக்கு, கெளம்பி வா" என்பார்கள். தனியாக வருகிறவன் வழியில் என்ன ஆவானோ என்று பயம். வாசலில் பந்தலைப் பார்த்து அவனே தெரிந்துகொள்ள வேண்டியதுதான். நானே இரண்டு பேருக்கு அப்படிப் போன் போட்டிருக்கிறேன். ஒருவன் மஸ்கட்டில் இருந்தான், இன்னொருவன் திருப்பூரில். ஆறு மணி நேரத்தில் வந்து சேரப் போகிற திருப்பூர்க்காரனிடமும் சீரியஸ் என்றுதான் சொன்னேன்.

என் தம்பி எனக்கு அதையே சொன்னபோது நான் தாஷ்கண்டுக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் நின்றுகொண்டிருந்தேன். வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்.

"அண்ணே, அப்பாவுக்கு ரொம்ப சீரியஸா இருக்கு. கெளம்பி வாண்ணே."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. நீ கெளம்பு."

சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பதை வேறு எப்படித்தான் சொல்வான்? எனக்கு அது விளங்கவில்லை. விளங்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டராகத் தொடங்கியவன் நான். பிறகு நூற்பு இயந்திரம் செய்யும் கம்பெனிக்குப் போனேன். எந்த நாட்டில் புதுமில் கட்டினாலும் போய் இயந்திரத்தைப் பூட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு வர வேண்டும். வருடத்தில் ஏழெட்டு மாதம் வெளியில்தான். மனைவியும் மகளும் ராஜபாளையத்தில். அப்பாவும் அம்மாவும் தம்பியோடு ஸ்ரீவில்லிபுத்தூரில்.

டிக்கெட் கம்பெனி எடுத்துத் தரும், பறந்த தூரத்துக்கு விமானக்காரன் எழுதித் தரும் மைல் நமக்கு. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் கூட வேலை பார்த்த கோயம்புத்தூர்க்காரர். இருபது, இருபத்தைந்து விமானக் கம்பெனிகள் ஒன்றோடொன்று சேர்க்கை வைத்திருக்கும். எதில் ஏறினாலும் ஒரே கம்பெனியில் நம் பேரில் மைல் ஏறும். எத்தியோப்பியாக்காரன் விமானத்தில் போய்விட்டுத் துருக்கிக்காரன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். சேர்ந்த மைலைக் கொடுத்து மூன்றாவது ஒருவனிடம் டிக்கெட் வாங்கலாம். முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு விடவில்லை.

விடவில்லை என்றால், பைத்தியமாகவே ஆனேன். எந்த டிக்கெட்டில் முழு மைல் விழும், எதில் கால்வாசிதான் விழும் என்று டிக்கெட்டில் போட்டிருக்கும் அதற்குரிய எழுத்தெல்லாம் மனப்பாடம். நேராகப் போகிற விமானத்தை விட்டுவிட்டு, மைல் கூடக் கிடைக்கிறது என்று இரண்டு இடத்தில் மாறிப் போவேன். கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். "ஏலே, இவன் பக்கத்துல இருக்க சேத்தூருக்குப் போகணும்னாலும் மதுரைக்குப் போயித்தான்லே பஸ் ஏறுவான்" என்பார் ஒருவர். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

எதற்கு என்று கேட்டால் அப்பாவையும் அம்மாவையும் விமானத்தில் காசிக்குக் கூட்டிப்போக என்பேன். முதல் இரண்டு வருடம் அது உண்மை. அதற்குப் பிறகு சேர்ப்பதற்காகவே சேர்த்தேன். அப்பா நாற்பது வருடம் மில்லில் நின்று வேலை பார்த்தவர். "எப்ப கூட்டிப்போற?" என்று ஒரு தடவை கேட்டார். அடுத்த வருசம் என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

அந்த வியாழக்கிழமை கம்பெனியின் டிக்கெட் பிரிவில் இருந்த பெண் இரண்டு வழி அனுப்பினாள். ஒன்று, அன்று சாயங்காலமே டெல்லி, அங்கிருந்து வெள்ளிக்கிழமை காலையில் மதுரை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். இன்னொன்று மேற்கே இஸ்தான்புல் போய், ஒரு பகல் காத்திருந்து, மும்பை வந்து, சனிக்கிழமை மதுரை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி.

டெல்லி விமானம் எங்கள் சேர்க்கையில் இல்லாத கம்பெனி. ஒரு மைல்கூட விழாது. இஸ்தான்புல் வழியில் வந்தால், நிறையப் பறக்கிறவர்களுக்குக் கொடுக்கும் தங்க அட்டை எனக்கு இன்னொரு வருடத்துக்கு நீளும். அந்த மாதத்தோடு என் வருடம் முடிகிறது. அதற்கு ஒரே ஒரு பயணம் குறைவாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே மாதிரி சீரியஸ் என்று போன் வந்தது. அன்றைக்கு அலறியடித்துக்கொண்டு நேர் விமானத்தில் வந்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். "எதுக்குடா வந்த?" என்றார். அதை நினைத்துக்கொண்டேன். இஸ்தான்புல் என்று அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதினேன். அவள், "சார், டெல்லி சீக்கிரம் போகும்" என்று திரும்ப எழுதினாள். பரவாயில்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை இஸ்தான்புல்லில் தங்க அட்டைக்காரர்கள் உட்காரும் அறையில் இடம் பிடித்துத் தம்பிக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, மதுரைக்கு வந்துட்டியா? வண்டி அனுப்பிருக்கேன்."

"இல்லடா. இஸ்தான்புல்ல இருக்கேன். நாளைக்குத்தான் வருவேன்."

அவனுக்குப் பின்னால் கொட்டுச் சத்தம் கேட்டது. எனக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நேத்து காலைலயே முடிஞ்சிருச்சுண்ணே. நீ டெல்லி வழியாத்தான் வருவன்னு நெனச்சு நாலு மணிக்கு எடுக்கிறதுன்னு சொல்லிட்டோம்."

"நாளைக்கு வரைக்கும் வைக்க முடியாதா?"

"நாளைக்குச் சனிக்கிழமண்ணே."

சனிப் பிணம் தனிப் போகாது. இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு போகும் என்று பயம். தம்பிக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். ஐஸ் பெட்டியில் ஞாயிறு வரைக்கும் வைப்பதற்கு அப்பா ஒன்றும் அமைச்சர் இல்லை. நானாக இருந்தாலும் வெள்ளிக்கிழமையே எடுக்கத்தான் சொல்லியிருப்பேன்.

"சரி, நீ கொள்ளி வையி" என்றேன். தகப்பனுக்கு மூத்தவன்தான் வைக்க வேண்டும்.

"டெல்லி டிக்கெட்டு கெடைக்கலன்னு எல்லாருகிட்டயும் சொல்லிர்றேன்" என்றான். நான் கேட்காமலே அவன் சொன்னான். என்னைப் பற்றி அவனுக்கு அம்புட்டும் தெரியும்.

அங்கே மதியம் ஒன்றரை, ஊரில் நாலு. வீடியோ காலில் யாரோ போனைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பந்தல், தலைகள், வானம், மறுபடி தலைகள். பிறகு அப்பா முகம் வந்தது. நெற்றியில் திருநீறு, நாடியைச் சுற்றி வெள்ளைத் துணி. "மொகத்தப் பாத்துக்கப்பா" என்று ஒரு குரல். பார்த்தேன். என் முன்னால் ஒரு தட்டில் ஆலிவ் காயும் நாலு வகை சீஸும் இருந்தன. எப்போது எடுத்து வந்தேன் என்று நினைவில்லை. ஒரு பெண் வந்து, முடித்துவிட்டீர்களா என்று கேட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அழுகை வரவில்லை. வரவழைக்கப் பார்த்தேன், அப்போதும் வரவில்லை. இனி எங்கே போய் அழுவது என்றுதான் தோன்றியது.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தேன். வீடு கழுவி விட்டிருந்தது. பந்தல்காரர்கள் கம்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்களுக்கு நடுவில் அம்மா உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் என்னைப் பாவம் என்று பார்த்தார்கள். "அம்புட்டு தூரம் சுத்தி வந்திருக்கான் புள்ள" என்றாள் ஒரு பெரியம்மா. என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டிக்கெட் பற்றி அவள் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.

இனிமேல் சொல்வதைச் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. இஸ்தான்புல்–மும்பை மைல் கணக்கில் ஏறவில்லை. சேர்க்கைக் கம்பெனிகளுக்குள் இப்படி அடிக்கடி விட்டுப்போகும். போர்டிங் பாஸைப் படமெடுத்து அனுப்பிக் கேட்டால் தருவார்கள். கருமாதியன்று கீழே சாப்பாட்டு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மொட்டைத் தலையோடு மாடியில் நின்று படமெடுத்து அனுப்பினேன். வேறொருவன் செய்திருந்தால் இவனெல்லாம் மனுசனா என்று நானே கேட்டிருப்பேன். பத்துப் பன்னிரண்டு நாளில் மைல் வந்தது. புது அட்டையும் வந்தது. சந்தோஷமும் இல்லை, வெட்கமும் இல்லை. மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி அந்த எண்ணைப் பார்த்தேன்.

முதல் வருடத் திதி முடிந்ததும் அந்த மைலைக் கொடுத்து எனக்கும் அம்மாவுக்கும் டெல்லி வழியாகக் காசிக்கு டிக்கெட் எடுத்தேன். அப்பாவுக்குச் செய்ய வேண்டியதை அங்கே செய்துவிடலாம் என்று. மதுரையில் அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். விமானத்தில் அவளுக்கு அதுதான் முதல் தடவை. முன் இருக்கைப் பையில் இருந்த பாதுகாப்பு அட்டையை எடுத்துப் புரட்டிவிட்டு மறுபடி செருகினாள்.

"இது நேரா காசிக்குப் போயிருமாய்யா?"

"இல்லம்மா. டெல்லியில எறங்கி மாறணும்."

"டெல்லியிலருந்து இங்க நேரா வருதாக்கும்."

"ஆமாம்மா. தினமும் வருது."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வழக்கம்போல எதையாவது சொல்லி மழுப்பியிருப்பேன்.

"அம்மா, அன்னைக்கு டெல்லிக்கு டிக்கெட்டு இருந்துச்சு. நாந்தான் வேண்டாம்னேன். மைலுக்காக."

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள்.

"தம்பி சொன்னானா?"

"அவன் ஒண்ணுஞ் சொல்லல. நீ வீட்டுக்குள்ள வந்தப்ப எம்மொகத்தப் பாக்கல. அப்பவே தெரியும்."

அவள்தான் மறுபடி பேசினாள்.

"இத வேற யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. ஒங்கப்பாவுக்குத்தான் கொறச்சல்."

சரிம்மா என்றேன். பெல்ட்டை எப்படிப் போடுவது என்று கேட்டாள். போட்டுவிட்டேன்.