சூடுதான், ஒண்ணும் பண்ணாது

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கடலூர் முதுநகரில் என் தையல் கடைக்கு வருகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும்போதே, அதைப் போடப்போகிற உடம்புக்கும் நாலு புத்திமதி சொல்லித்தான் அனுப்புவேன். கேன்சரில் இடது மார்பை எடுத்து, ஊசி மருந்தெல்லாம் முடிந்து, தலையில் மறுபடி முடி முளைத்த பிறகு இந்த வாய் இன்னும் நீண்டுபோனது. பட்டு மீண்டவள் சொன்னால் நாலு பேர் காது கொடுத்துக் கேட்கிறார்கள், பாருங்கள், அந்த ருசி பொல்லாதது.

ஆபரேஷன் ஆனதும் ஜாக்கெட்டின் ஒரு பக்கம் தொளதொளவென்று கிடந்தது. தைக்கத் தெரிந்தவளுக்கு இது ஒரு பிரச்சினையா என்று மெல்லிய துணியில் பை தைத்துப் பஞ்சை அடைத்து வைத்துக்கொண்டேன். பஞ்சுக்குக் கனம் இல்லை. புதுச்சத்திரம் தாண்டி பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் அது தோள்பட்டைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் நின்றவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், நல்ல மனுஷன். கனத்துக்காக அடுத்த பையில் ஒரு கைப்பிடி கம்பு சேர்த்தேன். துவைத்து நிழலில் காயப்போட்டதில் கம்பு முளைவிட்டுவிட்டது. “ஒண்ண எடுத்துட்டாங்க, இப்ப இன்னொண்ணு மொளைக்குது பாரு” என்று நான் காட்ட, என் வீட்டுக்காரர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். கடைசியில் பாசிமணி சேர்த்துத் தைத்தேன், அது சரியாக வந்தது.

சிதம்பரத்தில் நான் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரிக்கு செக்கப் போகும்போதெல்லாம் என்னைப் போன்ற பெண்களுக்குக் கொடுக்க அந்தப் பைகளைத் தைத்து எடுத்துப்போவேன். அங்கே ஒரு நர்ஸம்மா, புதிதாக வந்து அழுதுகொண்டிருக்கிற பெண்களை என் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைப்பார். நானும் ஆரம்பித்துவிடுவேன். சிவப்பு மருந்து ஏறும்போது வாயில் ஐஸ்கட்டியை ஒதுக்கிக்கொள், வாய் ரொம்ப வெந்துபோகாது. அன்றைக்கு ஒண்ணுக்கு சிவப்பாகப் போகும், ரத்தம் என்று அலறாதே, மருந்தோட நிறம்தான். முடி கொத்தாகக் கொட்டும்வரை காத்திருக்காமல் முன்னாடியே ஒட்ட வெட்டிவிடு, தலையணையில் பார்த்து அழுகிற அழுகையாவது மிச்சம். கையைத் தூக்க முடியலையா, சுவரில் விரலாலேயே நடந்து நடந்து மேலே ஏறு. எடுத்த பக்கத்துக் கையில் ஊசி போடவோ பிரஷர் பார்க்கவோ யார் வந்தாலும் அடுத்த கையை நீட்டு. அவர்களும் கேலி பேசுவார்கள். “நீயும் ஊசி போடுறவதானக்கா, அதான் இவ்ளோ தெரியுது.”

நான் ஜாஸ்தி சொன்ன வார்த்தை ஒன்று உண்டு. சூடு.

எங்கள் ஊர்ப்பக்கம் சூடு வேறு, காய்ச்சல் வேறு. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி. சூடு என்றால் விளக்கெண்ணெய். கண் எரிந்தால் சூடு, நீர்க்கடுப்பு சூடு, வாய்ப்புண் சூடு, குதிகால் வெடித்தாலும் சூடு. தொப்புளிலும் உள்ளங்காலிலும் விளக்கெண்ணெய் வைத்து, ஒரு இளநீர் குடித்துப் படுத்தால் இறங்கிவிடும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஊசி மருந்து போட்டால் இது அத்தனையும் ஒன்றாக வரும். எனக்கும் வந்தது. ஆகவே யார் என்ன சொன்னாலும், “சூடுதான், ஒண்ணும் பண்ணாது” என்பேன். சொன்னவுடன் முகம் தெளியும். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

காய்ச்சல் வந்தாலோ குளிரெடுத்தாலோ இரவு பகல் பார்க்காமல் ஓடி வந்துவிட வேண்டும், மருந்து ரத்தத்தில் வெள்ளை அணுவைக் குறைத்துவிடும், அப்போது சின்னக் கிருமி புகுந்தாலும் உயிருக்கு ஆபத்து என்று நர்ஸம்மா ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் அனுப்புவார். எனக்கும் சொன்னார். முதலில் நானும் அதைச் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டால் தெளிந்த முகம் மறுபடி வெளுத்துப்போகும். பயமுறுத்துவானேன், அதுதான் நர்ஸே சொல்கிறாரே என்று நான் விட்டுவிட்டேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தப் பெண் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். என்னைவிட ரொம்பச் சின்னவள். புருஷன் ரைஸ் மில்லில் வேலை. ஆபரேஷன் முடிந்து, ஊசி போட்டுக்கொள்ளவே மாட்டேன் என்று அடம்பிடித்தவளை நான்தான் பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவந்தேன். என் தலைத்துணியை அவிழ்த்துக் காட்டி, “தொட்டுப் பாருடி, எப்புடி மொளைச்சிருக்கு” என்று அவள் கையை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு எது என்றாலும் எனக்குத்தான் போன். “நர்ஸக்கா நம்பரு குடுத்திருக்காங்கல்ல, கேளேன்” என்றால், “அவுங்க வேலையில இருப்பாங்க, திட்டுவாங்கக்கா. நீங்கன்னா நம்ம ஊட்டு ஆளு மாதிரி” என்பாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். நர்ஸிடமே கேள் என்று நான் கண்டித்துச் சொன்னதில்லை.

அவளுக்கு இரண்டாவது ஊசி போட்டு அடுத்த வாரம். தீபாவளி நெருக்கம், கடையில் நிற்க இடமில்லை. கையில் கத்திரிக்கோல், எதிரே ஒரு அம்மாள் ஜாக்கெட்டுக்குக் கை வைத்த அளவு தப்பு என்று சண்டைக்கு நிற்கிறாள். போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

“அக்கா, உடம்பெல்லாம் ஒரே சூடா இருக்குக்கா. கண்ணு எரியுது. படுத்தா எந்திரிக்க முடியல.”

“சூடுதான்டி, ஒண்ணும் பண்ணாது. தொப்புள்ல வெளக்கெண்ண வையி. எளநீ குடிச்சிட்டுப் படு.”

“ஆனா அக்கா…”

“கடையில கூட்டம்மா. அப்பறமா பேசறேன், என்ன?”

வைத்துவிட்டேன். அப்புறம் பேசவில்லை. கை வைத்த அளவில் தப்பு இல்லை என்று அந்த அம்மாளிடம் நிரூபித்த சந்தோஷத்தில் மறந்தே போனேன்.

மறுநாள் காலை அவள் புருஷன் போன் செய்தார். பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவளை வண்டி வைத்துத் தூக்கி வந்து சிதம்பரத்தில் சேர்த்திருக்கிறார். ஐசியூவில் வைத்திருக்கிறார்கள். “வந்து ஒரு எட்டு பாருங்கக்கா, உங்களத்தான் தேடும்” என்று அழுதார். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

பஸ்ஸில் நான் அவளுக்காக வேண்டிக்கொண்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய். நான் எனக்காக வக்கீல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காய்ச்சல் என்று சொல்லவே இல்லையே, சூடு என்றுதானே சொன்னாள். நான் என்ன டாக்டரா? நர்ஸ் சொன்னதை அவள் கேட்டிருக்க வேண்டாமா? வெள்ளாற்றுப் பாலம் வருவதற்குள் கேஸை நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்த பிறகுதான் அவள் ஞாபகம் வந்தது. பிழைத்துவிட வேண்டும் சாமி என்று அப்போதுதான் கும்பிட்டேன், அதிலும் பாதி எனக்காக. அவள் போய்விட்டால் நான் இந்த முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

ஐசியூ வாசலில் நர்ஸம்மா அவள் புருஷனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்.

“காய்ச்சல்னா உடனே வாங்கன்னு எத்தினி தடவ சொன்னேன்? ஒரு நாளு பூரா வச்சிருந்திருக்கீங்க!”

“காய்ச்சல் இல்லீங்கம்மா, சூடுதான். எண்ண வச்சோம்.”

“யாரு சொன்னா சூடுன்னு? நூத்தி மூணு டிகிரிய்யா!”

அவர் என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை அது. அக்காவும் வந்துவிட்டார்கள், இனிமேல் பயமில்லை என்கிற பார்வை. “எங்களுக்குத்தாங்க தெரியல” என்று நர்ஸிடம் தலை குனிந்துகொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வாய், அந்த நீளமான வாய், திறக்கவே இல்லை.

அவள் கிடந்த நாட்களில் தினமும் போனேன். டீ வாங்கிக் கொடுத்தேன், இட்லி வாங்கிக் கொடுத்தேன். அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிடுவார். ஒவ்வொரு கும்பிடும் எனக்குச் செருப்படி. சொல்லிவிட வேண்டும் என்று தொண்டைவரை வரும். முதலில் அவள் பிழைக்கட்டும் என்று விழுங்கிவிடுவேன்.

பிழைத்தாள். கிருமிக்கு மருந்து ஏற்றி, அணு ஏறுவதற்கு ஊசி போட்டு, மெல்ல மெல்ல ஜுரம் விட்டது. வார்டுக்கு மாற்றிய அன்று போனேன். புருஷன் கஞ்சி வாங்கப் போயிருந்தார். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, படுக்கையில் பாதி ஆளாகக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கோச்சிக்காதீங்கக்கா.”

“எதுக்குடி?”

“நீங்க சொன்ன எளநீய நான் குடிக்கல. எறக்க ஆளு இல்ல, அவரும் மில்லுக்குப் போயிட்டாரு. எண்ண மட்டும் வச்சிக்கிட்டுப் படுத்துட்டேன். அதான் சூடு ஏறிடுச்சி. உங்க பேச்ச முழுசா கேட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது.”

எவ்வளவு சுலபமான வழி! சரி போ, இனிமேலாவது குடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் தப்பித்தேன். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்ததையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

“அது சூடு இல்லடி” என்றேன். “காய்ச்சல். எளநீ குடிச்சிருந்தாலும் இப்புடித்தான் ஆயிருக்கும். நான்தான் கேக்காம வுட்டுட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஓடுன்னு சொல்லியிருக்கணும், எண்ண வையின்னு சொன்னேன். எம் மேலதான்டி தப்பு, ஓன் மேல ஒண்ணும் இல்ல.”

அவள் வாயைத் திறப்பதற்குள் நானே கேட்டேன்.

“ஆனா அக்கான்னு என்னமோ சொல்ல வந்தியே, போன்ல. என்னா அது?”

கொஞ்சம் யோசித்தாள். “குளுருதுன்னு சொல்ல வந்தேன். ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சி. சூடுன்னா குளுரக் கூடாதேன்னு ஒரு சந்தேகம்.”

அவளுக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் கேட்க நேரமில்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அழ வேண்டியவள் அழவில்லை, என் கையைத் தட்டிக்கொடுத்தாள். எனக்கு இன்னும் அவமானமாகப் போயிற்று.

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “இத வெளிய யாருகிட்டயும் சொல்லாதீங்கக்கா. அவருக்கும் தெரிய வேணாம். உங்களயும் நம்ப முடியாதுன்னு ஆயிட்டா, நாங்கல்லாம் யாருகிட்ட போயி கேக்கறது?”

என்னைக் காப்பாற்றுகிறாளா, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. இன்னும் ஊசிகள் பாக்கி இருந்தன. எதையாவது பிடித்துக்கொண்டுதானே அவள் அதற்குப் போய் உட்கார வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் வேறொரு பெண், ஆபரேஷன் ஆகிச் சில மாதம் ஆனவள், எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியது அவள் காதில் விழவில்லை போலிருக்கிறது. “நீங்கதான் அந்த டைலரக்காவா?” என்று எழுந்து உட்கார்ந்தாள். “எனக்கும் ஒண்ணு கேக்கணும். இந்தக் கையி வீங்கிக்கிட்டே வருது. எண்ண சூடு பண்ணித் தேய்க்கலாமாக்கா?”

“கேளுங்க கேளுங்க” என்றாள் இவள், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. “அக்கா கரெக்டா சொல்லுவாங்க.”

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. இவ்வளவும் கேட்ட பிறகு, இந்த உடம்போடு கிடந்துகொண்டு சொல்கிறாள். இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். வீக்கத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஏதேதோ தோன்றியது. தோன்றியது எதுவும் தெரிந்தது ஆகாது.

“எனக்குத் தெரியாதும்மா” என்றேன். “நர்ஸக் கூப்புடறேன், இரு.”

அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. நான் எழுந்தேன். என் கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.