யேசுராசாவும் கயர்க்கும் வைனும்

யேசுராசா குடிகாரர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைன் கதை என்றாலே நம்மவர்கள் புருவத்தைத் தூக்குவார்கள். மன்னாரிலிருந்து வந்தவர். ஆக்லாந்தில் விரி என்ற பகுதியில் மதுபானம் வந்திறங்கும் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவருடைய அம்மா படுக்கையில் இருந்தபோது பார்த்துக்கொள்ளப் போனவள் நான். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வீட்டோடு பழக்கம் நிலைத்துவிட்டது.

ஒருநாள் கிடங்கில் ஒரு பெட்டி சரிந்து உடைந்தது. தப்பிய போத்தல்களில் ஒன்றை மேலாளர் இவர் கையில் கொடுத்தார். சக்ரன்டினோ. இத்தாலியில் உம்ப்ரியா மலைப்பக்கம் விளையும் திராட்சை. அதை மட்டுமே பிழிந்து, வேறெதுவும் கலக்காத சிவப்பு வைன். அவர் மனைவி பேர்ணடெட் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா இது, கொய்யாப் பிஞ்சைக் கடிச்ச மாதிரிக் கயர்க்குது!"

"ஆட்டுக்கறியோட குடிச்சுப் பாருமன்."

பார்த்தார். நான் துவர்ப்பு என்பதைத்தான் அவர்கள் கயர் என்கிறார்கள். அந்தக் கயர் நாக்கில் படிந்த கொழுப்பை வழித்தெடுத்து, அடுத்த கவளத்துக்கு இடம் செய்துவிட்டது. பேர்ணடெட் இன்னொரு குழல் புட்டு போட்டுக்கொண்டார்.

அந்த வைனை இங்கே கொண்டுவந்தவர் விற்க முடியாமல் கைவிட்டுவிட்டார். "எதோட சாப்பிடுறதெண்டு சனத்துக்கு ஒருத்தரும் சொல்லேல்ல, அக்கா. நானே எடுத்து விக்கப்போறன்" என்றார் யேசுராசா. அவர் முதுகு ஃபோர்க்லிஃப்ட்டில் இன்னும் நெடுநாள் தாங்காது என்று சொன்னவளே நான்தான். அதனால் சிரிக்கவில்லை.

மகள் ஜனுஷா இத்தாலியில் அந்தத் திராட்சைத் தோட்டத்துக்காரிக்கு மின்னஞ்சல் எழுதினாள். தொனதெல்லா என்று பெயர். துவர்ப்புக் குறைந்த வேறு திராட்சையைக் கொஞ்சம் கலந்தால் நன்றாக விற்கும் என்று ஊரே சொல்லியும் கலக்காத பெண்மணி. ஆக்லாந்துக்கு வரப்போவதாகப் பதில் போட்டார். இங்கே ஆக்லாந்திலேயே ஆல்பனியில் ஒரு பெரிய நிறுவனமும் கேட்டிருக்கிறதாம். நாடு முழுவதற்கும் ஒரே ஆளுக்குத்தான் கொடுப்பாராம். சனிக்கிழமை யேசுராசா வீட்டில் சாப்பிட்டுவிட்டு முடிவு சொல்வதாக எழுதியிருந்தார்.

சமையலுக்குக் கைகொடுக்க நானும் போனேன். தொனதெல்லா செய்தித்தாளில் சுற்றிய ஒரு போத்தலோடு வந்தார். யேசுராசா அதை இரண்டு கையாலும் வாங்கி உள்ளே கொண்டுபோனார். திரும்பி வந்து, எல்லாருக்கும் கிளாசில் சிவப்பு நெக்டோ சோடா ஊற்றினார்.

விருந்தாளி கிளாசை எடுத்துச் சுழற்றினார். மணந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். பிறகு மெல்லக் கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் அவர் பேச்சு குறைந்துவிட்டது. அடிக்கடி உள்வாசலைப் பார்த்தார். கறியின் காரம்தான் காரணம் என்று எனக்குப் பட்டது. "தயிர் போட்டுக்கோங்கம்மா, எரிச்சல் அடங்கிடும்" என்று சொல்லி ஒரு கிண்ணத்தை முன்னால் வைத்தேன். தொடவில்லை. கை கழுவ வேண்டும் என்று எழுந்து போனவர், போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இது ஏன் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் நிற்கிறது? சுடுகிறது!"

யேசுராசா எழுந்தே விட்டார். "திருஇருதயப் படத்துக்கு முன்னால வைச்சனான், மெடம். நல்ல சாமான் வந்தா முதல்ல ஆண்டவருக்கு முன்னால வைக்கிறது எங்கட வழக்கம். தந்த ஆள் இருக்கேக்க திறக்கிறது மரியாதை இல்லை."

"எங்கள் ஊரில் விருந்தாளி கொண்டுவந்த போத்தலைத் திறக்காவிட்டால், உன் வைன் வேண்டாம் என்று பொருள். ஆல்பனிக்காரர்களுக்கே கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்தேன்."

பேர்ணடெட்தான் மெதுவாகத் தமிழில் சொன்னார்: "மனுசி ஏன் நெக்டோவ மணந்து பாத்தவ எண்டு இப்பதான் விளங்குது."

ஜனுஷாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதை ஆங்கிலத்தில் சொன்னதும் தொனதெல்லாவும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "கடவுளிடம் வைத்தது தப்பில்லை. எங்கள் பாட்டன்மார் இந்தத் திராட்சையில் பூசைக்குத்தான் வைன் செய்தார்களாம். மெழுகுதிரிதான் தப்பு" என்றார்.

போத்தல் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் ஆறியது. திறந்ததும் யேசுராசா உடனே ஊற்றவில்லை. முதலில் விருந்தாளியின் தட்டில் புட்டை வைத்து, கொழுப்போடு இருந்த ஒரு துண்டு ஆட்டிறைச்சியும் குழம்பும் விட்டார்.

"முதல்ல இதைச் சாப்பிடுங்கோ. பிறகு ஒரு வாய் குடியுங்கோ."

தொனதெல்லா சாப்பிட்டார், குடித்தார், மறுபடி சாப்பிட்டார். பிறகு தட்டை நீட்டினார். "ஆல்பனியில் எனக்கு பிஸ்கட் கொடுத்தார்கள்" என்றார், வாயில் புட்டோடு.

ஒரு வருஷத்துக்குத் தந்துபார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். விற்காவிட்டால் ஆல்பனிக்குத்தான். இப்போது யேசுராசா வாரத்தில் பாதி நாள்தான் விரிக்குப் போகிறார். மீதி நாள் நியூ லின் பக்கத்து உணவகங்களில் ஏறி இறங்குகிறார், ஒரு கையில் சக்ரன்டினோ, மறு கையில் பேர்ணடெட் கட்டிக்கொடுத்த கறி. சிலர் வாங்குகிறார்கள். சிலர் கறியை மட்டும் சாப்பிட்டுவிட்டு அனுப்பிவிடுகிறார்களாம்.

பேர்ணடெட் மட்டும் அந்தச் சனிக்கிழமையை மறக்கவில்லை. போன வாரம் முறுக்கு டப்பாவோடு போனேன். வாசலிலேயே கையை நீட்டி நிறுத்தினார்.

"அம்புஜம் அக்கா, அப்படியே நில்லுங்கோ. உங்களுக்கு முன்னாலயே திறக்கிறன்."

திறந்து ஒன்றைக் கடித்தார்.

"உப்புக் கொஞ்சம் கூட, அக்கா."

நானும் ஒன்று எடுத்துக் கடித்தேன். கூடத்தான்.