திராட்சைக்கு ஏற்ற ஆள்

போன ஞாயிறு அல்லிநகரத்தில் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். டிவியில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. விஞ்ஞானி ஒருவர் திராட்சைத் தோட்டத்தில் புது மருந்து அடிக்க, தோட்டத்துக்காரர் குடும்பமே எறும்பளவு சுருங்கிப்போகிற சிரிப்புப் படம். கதாநாயகன் ஒரு பழத்தின் மேல் ஏறி வழுக்கி விழுகிறார். அக்கா பிள்ளைகள் தரையில் உருண்டு சிரிக்கிறார்கள். "மாமா, நீங்க இந்தப் படத்துல வேல பாத்தீகளாமே?" என்று பெரியவள் கேட்டாள். தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அங்கே பன்னீர் திராட்சை கழுவி வைத்திருந்தது. மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு அந்தப் பழத்தைப் பார்த்தாலே பெயிண்ட் வாடைதான் வரும். கூடலூரில் ஒரு குடோனைப் பிடித்து, தெர்மாகோலில் ஒவ்வொன்றும் அண்டா அளவுக்குத் திராட்சை செய்து, கருநீலம் அடித்துக் குலை குலையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வாடையில் ஒரு மாதம் கிடந்தேன்.

சினிமாக்காரர்களுக்குத் தோட்டம், ஜீப், கூட்டம் எல்லாம் பிடித்துக் கொடுக்கிற உள்ளூர் ஆள் நான் அப்போது. 'லொக்கேஷன் மேனேஜர்' என்று கார்டெல்லாம் அடித்து வைத்திருந்தேன். அதை ஒரு வேலை என்று வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. எப்படியாவது இந்தக் கம்பெனியோடு ஒட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட வேண்டும் என்று, யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் நாளே சிக்கல். கதாநாயகன் நல்ல உயரம். பழத்தின் பக்கத்தில் நிறுத்தினால் சுருங்கிய மனிதராகவே தெரியவில்லை. பழக்கடைக்கு வந்தவர் மாதிரி இருந்தார். பழத்தைப் பெரிதாகச் செய்ய இனி நாள் இல்லை. கம்பெனி மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டு, உயரம் குறைந்த ஆள் ஒருவர் வேண்டும், முகத்தில் பச்சைத் துணி கட்டி எடுத்துக்கொள்வோம், பிறகு கம்ப்யூட்டரில் ஹீரோ முகத்தை ஒட்டிவிடலாம் என்றார். எனக்கு உடனே தங்கராசண்ணன் ஞாபகம் வந்தது.

தங்கராசண்ணன் கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் முறை விடுகிறவர். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளில் எது முதலில் போகும், எது அடுத்தது என்பதை அவர்தான் சொல்வார். மூன்றரை அடி இருப்பார். ஸ்டூல் போட்டு ஏறி நிற்கிற வழக்கமெல்லாம் கிடையாது. தரையில் நின்றே கையைத் தூக்குவார். அந்தக் கை தூக்காமல் ஒரு ஜீப் நகராது. முறுக்கு மீசை டிரைவர்களெல்லாம் குனிந்து, அடுத்தது நானாண்ணே என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். விசேஷ வீட்டு வாசலில் வேஷம் கட்டி நின்று சிரிப்புக் காட்ட வேண்டும் என்று கூப்பிட வந்த ஒருவரை அவர் ஸ்டாண்டைவிட்டே விரட்டியதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "உசரத்தக் காட்டிச் சிரிக்க வைக்கிற சோலின்னா இப்பவே சொல்லிரு தம்பி. நான் வரல."

"அப்பிடியெல்லாம் இல்லண்ணே. விஞ்ஞானிக்கு அசிஸ்டென்ட் வேசம். வசனம் இருக்கு" என்றேன். கூசாமல் சொன்னேன். வசனத்தையும் அங்கேயே நின்று நானே கட்டிக் கொடுத்தேன்: 'சார், மருந்து அளவு கூடிப்போச்சு.' படத்தில் அசிஸ்டென்டே கிடையாது.

நாலு நாள் ஸ்டாண்டில் அதையே சொல்லிப் பழகினார். 'சார்' என்கிற இடத்தில் கொஞ்சம் பதற்றம் வேண்டும் என்று ஒரு டிரைவர் திருத்தம் சொன்னார். படப்பிடிப்பில், மருந்து பட்டு அசிஸ்டென்டும் சுருங்கிவிடுகிறான் என்று ஒரு கதை சொல்லிவைத்தேன். துணி எதற்கு என்று கேட்டபோது, முகத்தைத் தனியாக எடுப்பாகண்ணே என்று சமாளித்தேன். மூன்று நாள் விழுந்தார், வழுக்கினார், கருநீலச் சாற்றில் முங்கினார். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

கடைசி நாள், வசனம் எப்போது என்று கேட்டுவிட்டார். சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. நடிக்க ஆசைப்பட்டு நச்சரிக்கும் உள்ளூர்க்காரர்களை நிற்கவைத்து, கேமராவை ஓட்டாமலேயே 'ஆக்‌ஷன்' சொல்வார்கள். மேனேஜரைக் கெஞ்சி அதற்கு ஏற்பாடு செய்தேன். வெள்ளைக் கோட்டு போட்டு நின்று அந்த ஒரு வரியை அண்ணன் அவ்வளவு அழகாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் தட்டிக்கொண்டிருந்தேன்.

படம் வந்தபோது டிரைவர்கள் தியேட்டர் வாசலில் அவருக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். வாசகம் எழுதித் தரச் சொல்லி என்னிடமே வந்தார்கள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். 'திரைவானின் புதிய நட்சத்திரம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

முதல் காட்சிக்கு ஜீப்புகளை ஓரங்கட்டிவிட்டு எல்லோரும் வந்தார்கள். நடு வரிசையில் அண்ணன், அவர் மனைவி, சின்ன மகள். திரையில் அண்ணனின் உடம்பு, அண்ணனின் நடை, மேலே ஹீரோவின் முகம். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. "அப்பா, நீங்க எப்ப வருவீக?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் மனைவி நடையைப் பார்த்தே கண்டுபிடித்திருக்க வேண்டும், இடைவேளைக்குப் பிறகு திரையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அன்னைக்கு கேமரா ஓடலைங்கிறது ஒனக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியாதுண்ணே" என்றேன்.

அடுத்த வாரம் ஸ்டாண்டில் ஒரு டிரைவர் விளையாட்டாக அவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி ஜீப் பானெட்டில் உட்காரவைத்தார். படத்தில் அப்படி ஒரு காட்சி உண்டு. அதுவரை அவர்மேல் ஒருவரும் கை வைத்ததில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போதே உடம்பு கூசுகிறது. இறக்கிவிடுங்கப்பா என்று அவர் சொன்ன குரலில் கோபம்கூட இல்லை. அதற்குப் பிறகு அவர் ஸ்டாண்டுக்கு வரவில்லை.

என்னையும் சென்னைக்கு யாரும் கூப்பிடவில்லை. அந்தத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். ஜீப் ஸ்டாண்டில் முறை என்று எதுவும் கிடையாது. நிரம்புகிற வண்டி கிளம்புகிறது, தினமும் சண்டை. தங்கராசண்ணன் குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒருமுறை போனேன். எதிர்ச் சாரியில் நின்று டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பின்கட்டில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிறாராம். முதலாளி முதலில் வாசலில் நின்று ஆளைக் கூப்பிடுகிற வேலைதான் கொடுத்தாராம். இவர்தான், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம்.