ஒட்டியவரே எடுக்க வேண்டும்

ஊரார் வீட்டிலெல்லாம் விளக்கு எரிய வேண்டும் என்று முப்பத்து நான்கு வருடம் துணைமின் நிலையத்தில் கண்விழித்த ஒரு மனிதர், தன் வீட்டில் மட்டும் எதை அணைக்கலாம் என்று ஏன் சுற்றிச் சுற்றி வந்தார்? அவர் மனைவி இந்தக் கேள்வியைப் பல வருடங்களாகக் கேட்டுவந்தாள். அவரிடம் அல்ல. அடுப்பிடம் கேட்டாள், துவைக்கிற கல்லிடம் கேட்டாள், சில சமயம் ஃபேனிடம் கேட்டாள். அவரிடம் கேட்டால் "பாதுகாப்பு" என்று ஒற்றைச் சொல் வரும். கேள்வியை நிறுத்துவதற்குச் சொல்லப்படுகிற பதில்கள் சில உண்டு. அது அந்த வகை.

நிலையத்தில் அவருக்கு 'அட்டைக்காரர்' என்று பெயர். மின்கம்பியில் வேலை செய்ய ஆள் கிளம்பினால், அந்தக் கம்பிக்கான சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டுவார்கள். 'ஆள் வேலை செய்கிறார், போடாதே.' கீழே தேதி, நேரம், கையெழுத்து. மாட்டியவர் திரும்பி வந்து தன் கையால் அட்டையைக் கழற்றினால்தான் சுவிட்சைப் போடலாம். இது எல்லா நிலையங்களிலும் உள்ள விதிதான். ஆனால் விதி என்றால் அவசரத்துக்குக் கொஞ்சம் வளையும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்; அவர் நினைக்கவில்லை.

ஒருமுறை ஒரு லைன்மேன் வேலையை முடித்துவிட்டு, அட்டையை மறந்து, நேராக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். பாதி ஊர் வெயிலில் வெந்தது. பெரிய அதிகாரி போனில் வந்தார்.

"யோவ், நான் சொல்றேன்ல, கழட்டுய்யா!"

"சார், நீங்க மாட்டலையே."

"அவன் வீட்ல குறட்டை விட்டுட்டு இருக்கான்யா!"

"எழுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன் சார்."

லைன்மேன் கண்ணைக் கசக்கிக்கொண்டு சைக்கிளில் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. அந்த வருடப் பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்து மனைவிதான் நான்கு வருடம் புலம்பினாள்.

ஓய்வு பெற்றதும் சிவப்பு அட்டைகள் நிலையத்திலேயே தங்கிவிட, வெள்ளைக் காகித டேப் வீட்டுக்குள் வந்தது. மிக்ஸி சூடானால் அதன் பிளக்கில் டேப். பாத்ரூம் விளக்கு மினுக்கினால் அதன் சுவிட்சில் டேப். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், கையெழுத்து. தன் வீட்டு மிக்ஸிக்குக் கையெழுத்துப் போடுகிற கணவன் உலகத்தில் வேறு யாருக்காவது வாய்த்திருப்பானா என்று அவள் யோசித்ததுண்டு.

மகளைப் பார்க்க அவர் பத்து நாள் போயிருந்தபோது, தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டரின் டேப்பை அவள் பிய்த்தாள். குளிர் காலம், பொறுக்க முடியவில்லை. திரும்பி வந்தவர் சுவிட்சைப் பார்த்தார். மூன்று நாள் தட்டைப் பார்த்தே பேசினார். நான்காம் நாள், "உள்ள ஒரு வயர் தோல் உரிஞ்சு கிடந்துச்சு. அதுக்குத்தான் ஒட்டினேன்" என்றார். ஹீட்டரைத் திறந்தும் காட்டினார். உரிந்துதான் கிடந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்க முடியாத எரிச்சல். தப்பாக இருந்திருந்தால் ஒரு பாட்டம் திட்டியாவது தீர்த்திருக்கலாம். அதற்குப் பிறகு அவள் எந்த டேப்பையும் தொட்டதில்லை.

இப்படிப்பட்டவரோடு குடும்பம் நடத்திக்கொண்டே, ஐம்பத்தாறு வயதில் அவள் அஞ்சல் வழியில் வரலாறு படிக்கச் சேர்ந்தாள். கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட படிப்பு. எல்லாத் தாளும் தேறி, ஒன்று மட்டும் பாக்கி. முதல் தடவை அந்தத் தேர்வன்று மகளுக்குப் பிரசவ வலி. இரண்டாவது தடவை இவருக்குக் கண் ஆபரேஷன். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. இதையும் விட்டால் முதல் வருடத்திலிருந்து மறுபடி சேர வேண்டும். வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் கேமரா உள்ள கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், போன் கூடாது. மூன்று மணிக்குள் உள்ளே நுழையாதவர்கள் நுழையவே முடியாது.

அன்று காலை பத்து மணிக்கு, மகள் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பின் திரை கறுத்துப்போனது. தெருமுனை ரிப்பேர் கடைக்கு ஓடினாள்.

"நாளைக்குச் சாயந்தரம் ஆகும்க்கா."

"எனக்கு இன்னிக்கு மூணு மணிக்குப் பரீட்சை தம்பி."

"அப்ப வேற மெஷின் பாருங்கக்கா" என்றார் கடைக்காரர். இது அவளுக்குத் தோன்றாமலா இருந்தது?

வேறு மெஷின் ஒன்று இருந்தது. அலமாரியின் உச்சியில், அவருடைய பழைய காக்கிச் சட்டையில் சுற்றிவைக்கப்பட்ட லேப்டாப். நிலையத்தில் புதியது வந்தபோது, வேண்டாமென்று கழித்ததை இவருக்குக் கொடுத்திருந்தார்கள். செங்கல் கனம். மாதத்துக்கு இரண்டு முறை அதை இறக்கி அதோடு சதுரங்கம் ஆடித் தோற்பார். வீட்டு வைஃபையோடு அதை யாரும் இணைத்ததில்லை, தேவை வந்ததில்லை.

"நான் பார்த்துக்கிறேன்" என்றார். அவளுக்குப் பயம் வந்ததே அப்போதுதான்.

மெஷின் உயிர் பெறவே எட்டு நிமிடம் ஆனது. அதன் ஃபேன் மாவு மில் போல இரைந்தது. திரையின் மூலையில் வைஃபை படத்தின் மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. பக்கத்து வீட்டு வைஃபை, எதிர் வீட்டு வைஃபை, ஒன்றும் தெரியவில்லை. அவர் ஒரு நோட்டை எடுத்து, '11.40. இணைப்பு இல்லை' என்று எழுதினார்.

"ஏங்க, நான் வரலாறு படிச்சா போதும். நீங்க எழுதிட்டு இருக்க வேண்டாம்."

"எந்த நேரத்துல என்ன பண்ணினோம்னு தெரியணும்மா. இல்லைன்னா குருட்டு வேலை."

இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டார். இருபது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"ரவுட்டர்ல பச்சை லைட் எரியுதா சார்?"

"எந்தப் பச்சைம்மா? மேலேர்ந்து மூணாவதா, நாலாவதா?"

"ஏதாவது ஒரு பச்சை சார்."

"ஏதாவது ஒண்ணுன்னு சொன்னா எப்படிம்மா? நாலும் ஒரே வேலையா செய்யுது?"

"ஏங்க, அந்தப் பொண்ணுக்குப் பாடம் எடுக்கவா கூப்பிட்டோம்!" என்று அவள் பின்னாலிருந்து கத்தினாள்.

ரவுட்டரை அணைத்து முப்பது நொடி கழித்துப் போடச் சொன்னாள் அந்தப் பெண். அந்த ஒரு யோசனைதான் அவருக்குப் பிடித்தது. ஆனால் முப்பது நொடி அவருக்குப் போதவில்லை. ஐந்து நிமிடம் அணைத்தார். அந்த ஐந்து நிமிடத்துக்கு, பிளக்கின் மேல் டேப் ஒட்டி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டார். வீட்டில் இருந்தது இரண்டே பேர். அதில் ஒருத்தி பக்கத்திலேயே நின்று அவர் கையெழுத்திடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு வந்து போடப் போறாங்கன்னு ஒட்டுறீங்க? நானா?"

"யாருன்னு தெரிஞ்சா டேப் எதுக்கு?"

ஐந்து நிமிடம் முடிந்தது. அவரே டேப்பை எடுத்தார், அவரே போட்டார். அவளுடைய போனில் இணைப்பு வந்தது. லேப்டாப்பில் அதே சிவப்புப் பெருக்கல். ரவுட்டரிலிருந்து நேராக வயரைச் செருகிப் பார்த்தார். லேப்டாப்பில் அதற்கான பொந்தின் நாக்கு உடைந்திருந்ததால் வயர் நிற்காமல் விழுந்தது. ரவுட்டரைச் சுவரிலிருந்து கழற்றி மேசைக்குக் கொண்டுவந்தார். லேப்டாப்பை ரவுட்டருக்கு அருகில் வைத்தார். பிறகு இரண்டையும் முகத்துக்கு முகம் பார்க்கவைத்தார், சண்டை போட்ட பிள்ளைகளைச் சமாதானம் பண்ணுவது போல. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினார். அவள் பாடப் புத்தகத்தைத் திறந்து ஒரே பக்கத்தை ஏழு முறை படித்தாள். ஒரு பேரரசு வீழ்ந்த காரணங்கள் அதில் வரிசையாக இருந்தன. ஒன்றுகூட மண்டையில் ஏறவில்லை.

இரண்டே கால் மணிக்கு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உள்ள வைஃபை பிடிக்கிற ரேடியோ செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன்."

"அதைச் சொல்ல உங்களுக்கு ரெண்டரை மணி நேரமா?"

"மத்ததெல்லாம் இல்லைன்னு ஆனாத்தானே இதுன்னு சொல்ல முடியும்."

சரிதான். எப்போதும் போலச் சரிதான். அவள் எழுந்துபோய்க் கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள். முதல் வருடப் பாடத்தின் முதல் பக்கம் நினைவுக்கு வந்தது. அதை மறுபடி படிக்கிற பொறுமை தனக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு மறுபடி சுவரில் மாட்ட உள்ளறைக்குப் போனார்.

இரண்டு முப்பத்தைந்துக்கு ரிப்பேர் கடைக்காரர் போன் செய்தார்.

"அக்கா, உங்க லேப்டாப் பாஸ்வேர்டு என்ன?"

பாஸ்வேர்டோடு சேர்த்து வயிற்றெரிச்சலையும் கொட்டினாள். கடைக்காரர் நடுவில் நிறுத்தினார்.

"பழைய மெஷினாக்கா? முன்பக்க விளிம்பைத் தடவிப் பாருங்க. வைஃபைக்குன்னு குட்டியா ஒரு தள்ளுற சுவிட்ச் இருக்கும். அந்தக் காலத்து மாடல்ல எல்லாம் வெச்சிருந்தான்."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடினாள். கை மணிக்கட்டு படிகிற இடத்துக்கு நேர் கீழே, விளிம்பில், ஏதோ ஒட்டியிருந்தது. கம்பெனி ஸ்டிக்கர் என்று காலையிலிருந்து நினைத்திருந்தாள். அழுக்கேறிச் சாம்பல் நிறமாகியிருந்த காகித டேப். அதன் அடியில் விரலுக்கு ஒரு சிறிய மேடு தட்டுப்பட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. மாலை 4.20. கீழே, மிக்ஸியிலும் ஹீட்டரிலும் அவள் பார்த்துப் பார்த்து அலுத்த அந்தக் கையெழுத்து.

"ஏங்க! இங்க வாங்க!"

வந்தார். குனிந்து பார்த்தார்.

"என் கையெழுத்துதான்."

"அது தெரியுது. எடுங்க."

"ஏன் ஒட்டினேன்னு ஞாபகம் இல்லையே."

"எனக்கும்தான் இல்லை. எடுங்க."

"காரணம் தெரியாம எடுக்கக் கூடாதும்மா."

"காரணத்தை மூணு மணிக்கு மேல கண்டுபிடிங்க! இப்ப மணி ரெண்டு நாற்பத்திரெண்டு!"

"நோட்டுல இருக்கும். ரெண்டே நிமிஷம்."

உள்ளே இரும்பு அலமாரி கிறீச்சிட்டுத் திறந்தது. வருட வாரியாக அடுக்கிய நாற்பது நோட்டுகள் அதில் இருந்தன. அவள் நாற்காலியில் உட்கார்ந்து டேப்பின் ஓரத்தில் நகத்தை வைத்தாள். ஓரம் ஏற்கெனவே லேசாக எழும்பியிருந்தது. ஒரு இழுப்பு போதும்.

இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மூன்று வருடப் படிப்பு, விரல் நீளம்கூட இல்லாத ஒரு காகிதத்தின் அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இவள் அதற்கு மரியாதை கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடத்தில் அவருடைய ஷிப்டில் கம்பத்தில் ஏறிய ஒருவர்கூடப் பிணமாக இறங்கியதில்லை. பக்கத்து நிலையங்களில் அப்படிச் சொல்ல முடியாது. இதை அவள் ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் இன்னும் பத்து சுவிட்சுக்கு டேப் ஒட்டுவார் என்ற பயம்.

இரண்டு நாற்பத்தொன்பதுக்கு அவர் ஒரு நோட்டோடு வந்தார். நடந்துகொண்டே பக்கத்தைப் புரட்டியவர், வாசற்படியருகில் நின்றுவிட்டார். விரல் ஒரு வரியில் நின்றது. படித்தார். மறுபடி படித்தார்.

"என்ன போட்டிருக்கு?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் நகம் இருந்த இடத்தைப் பார்த்தார். நோட்டை மூடினார்.

"நீயே எடு."

"என்னது?"

"நீயே எடும்மா. நேரமாச்சு."

அவள் இழுத்தாள். காகிதம் கையோடு வந்தது. அடியிலிருந்த சுவிட்சைத் தள்ளியதும் விளிம்பில் ஒரு சின்ன நீல விளக்கு எரிந்தது. திரையில் தெருவே வந்து நின்றது: பக்கத்து வீடு, எதிர் வீடு, மாடி வீடு, நான்காவதாக அவர்கள் வீடு. இரண்டு ஐம்பத்தேழுக்குத் தேர்வின் உள்ளே போய்விட்டாள். அவர் அவளுடைய போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

தேறினாள், இரண்டாம் வகுப்பில். அந்த வினாத்தாளுக்கு அதற்கு மேல் யாரும் வாங்கியிருக்க முடியாது என்பது அவள் கட்சி.

அந்த நோட்டு அலமாரியில் தன் இடத்துக்குத் திரும்பியது. அலமாரிக்குப் பூட்டும் இல்லை. ஆனாலும் அவள் எடுத்துப் பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது அந்தப் பக்கத்தில் இருந்திருக்காது. 'அன்னிக்கு ஏன் என்னை எடுக்கச் சொன்னீங்க?' என்று இரண்டு முறை அவரையே கேட்டாள். முதல் முறை, ஃபேனுக்கு எண்ணெய் போட வேண்டும் என்றார். இரண்டாம் முறை எண்ணெய்க் கிண்ணத்தோடு ஏணியில் ஏறிவிட்டார்.

வீட்டில் இப்போதும் டேப் ஒட்டுகிறார். இஸ்திரிப் பெட்டியின் பிளக்கில் போன வாரம் ஒட்டியது இன்னும் இருக்கிறது. அவள் கசங்கிய புடவையோடு திரிகிறாள். அதை அவர்தான் எடுக்க வேண்டும், அவரேதான் எடுப்பார். அதிகாரி கேட்டபோது பாதி ஊருக்காகவும் விட்டுக்கொடுக்காததை, அன்று ஒரே ஒரு தடவை, அவள் கையில் விட்டார்.